நீல அறையும் மஞ்சள் அறையும்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு வந்ததும் மூத்த மருமகள்தான் முதலில் வண்ண அட்டையைக் கையில் வாங்கினாள். தன் அறைக்கு அடர்நீலம் என்று முந்திக்கொண்டாள். இளையவள் வெளிர்மஞ்சளைத் தொட்டுக் காட்டினாள்.

முதல் கோட்டிங் அடித்து முடித்த பிறகுதான் வினை தெரிந்தது. நீல அறையில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மஞ்சள் அறையோ ஒற்றை ஜன்னலிலேயே பளிச்சென்று இருந்தது. மாமியார் தைக்கிற துணியோடு அங்கே போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மூத்தவளின் கணவனே, "அங்கதான் எழுத்து நல்லா தெரியுது" என்று பேப்பரோடு எழுந்து போனான். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

கூடத்தில் வேலையாக இருந்த பெயிண்டரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அவ ரூமுக்கு இன்னொரு கோட்டிங் இருக்குன்னீங்கல்ல? அதுல கொஞ்சம் நீலத்தைக் கலந்துடுங்க."

"மஞ்சள்ல நீலம் கலந்தா பச்சையாயிடுமேம்மா!" என்று அவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

டீ கொண்டுவந்த இளையவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூத்தவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா," என்றாள் இளையவள். "மஞ்சள் அரை டின் மிச்சமாகும். உங்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல அடிச்சுக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் மூத்தவள் நினைத்தாள். தலை சரி என்று ஆடிவிட்டது. சுவர் காய்ந்ததும் கணவன் பேப்பரோடு திரும்பி வந்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் இரண்டு அறை வாசலிலும் மாறி மாறி நின்று, எதில் வெளிச்சம் கூட என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அடுப்படிக்குப் போனாள்.