கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு லென்ஸ்

தன் சாவு சம்பந்தப்பட்ட காரியங்களில் ஒன்றை மட்டும் பிறர் கையில் விடுவதாக இல்லை மயில்வாகனம். அது படம். பாடை, பந்தல், பறை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் எல்லாம் யாராவது எப்படியாவது செய்து தொலைக்கட்டும். சந்தியில் கட்டப்போகிற கண்ணீர் அஞ்சலி பேனரில் இருக்கும் முகத்தை மட்டும் அவரே பார்த்து அனுமதி கொடுத்தாக வேண்டும். மாநகர சபையில் வரிப் பகுதியில் உட்கார்ந்து, அனுமதி கொடுத்தும் மறுத்துமே தலை நரைத்தவர் அவர்.

இந்த முன்ஜாக்கிரதைக்குக் காரணம் அண்ணன் சேதுராமன். அவர் கெலிஓயாவில் கண்ணை மூடியபோது வீடு முழுக்கக் குடைந்தும் தனிப்படம் ஒன்றுகூட அகப்படவில்லை. கல்யாண வீட்டுக் கூட்டப் படம் ஒன்றிலிருந்து அண்ணனை வெட்டியெடுத்தார்கள். அச்சகத்துக்காரர் ஊரில் சாகிற எல்லோருக்கும் மாட்டுகிற அதே நீலக் கோட்டை அவருக்கும் மாட்டிவிட்டு, தோளில் கிடந்த கையை எடுக்க மறந்துபோனார். வளையல் போட்ட கை. சாவு வீட்டுக்கு வந்த சனம் அழுகையை அந்தரத்தில் விட்டுவிட்டு, அது யாருடைய கை என்று ஆராய உட்கார்ந்துவிட்டது. அண்ணி இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

வருகிற புதன்கிழமை மயில்வாகனத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி அவர் கையில் இருக்கும்போது அவருக்கு என்ன பயம் என்பது மயில்வாகனத்தின் கட்சி. வீட்டில் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மனைவி சீதா எடுத்தாலும் படத்தைப் பற்றிப் பேசித் தப்பித்துக்கொண்டார். புதன்கிழமைக்குள் படம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சீதாவின் தம்பி மகன் சுதேஷ் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். புதிதாக ஒரு மிரர்லெஸ் கெமரா வாங்கியிருந்தான். முகங்களை எடுப்பதற்கென்று அதற்கு ஒரு லென்ஸ் பார்க்கப் போகிறேன் என்று மாமாவிடம் வாய்தவறி உளறிவிட்டான். சனிக்கிழமை காலை அவன் கெமராக் கடைக்குப் போனால், மாமா சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். பக்கத்தில் அத்தை, கையில் கடலைச் சுருளோடு.

கடைக்காரர் ஃபாஸில் அலவத்துகொடக்காரர், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. ஐம்பது மில்லிமீட்டரில் ஒன்று, எண்பத்தைந்தில் ஒன்று என இரண்டு லென்ஸ்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“அம்பதுண்டா கிட்ட நிண்டு எடுக்கலாம். சின்ன ரூமுக்கும் சரிவரும். எம்பத்தஞ்சுண்டா தூரப் போகணும். ஆனா மொகம் அழகா வரும், பின்னால உள்ளதெல்லாம் கரஞ்சு போகும்.”

“பின்னால நிக்கிற ஆளும் கரைவானா?” என்று மயில்வாகனம் குறுக்கே புகுந்தார்.

“கரைவார் சேர்.”

“தோள்ல கை வச்சிருந்தா?”

“கை கரையாது சேர். அது ஒங்கட கிட்டதானே ஈக்கி.”

மயில்வாகனத்தின் முகம் சுருங்கியது. ஃபாஸிலுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டையும் கொண்டுபோய் வாவிக் கரையில் எடுத்துப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வாவிக் கரை மரத்தடியில் ஒரு வாங்குப் பலகையில் மாமா உட்கார்ந்தார். முதலில் ஐம்பது. சுதேஷ் கெமராவை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்ததும் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வரி கட்டாதவனுக்கு நோட்டீஸ் நீட்டுகிற முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“கொஞ்சம் சிரிங்க மாமா.”

“செத்தவன் சிரிச்சா, செத்ததுல அவனுக்கு சந்தோசம்னு நெனப்பாங்கடா.”

“அப்ப சோகமா இருங்க.”

“சோகம் சாவுக்கு வர்றவங்க படட்டும். நான் ஏன் படணும்?”

அந்த நேரம் பார்த்து, மேலே மரத்தில் குடியிருந்த கொக்கு ஒன்று கோட்டின் மேல் தன் அபிப்பிராயத்தைப் போட்டது. சீதா துடைத்துக்கொண்டே, எடுத்த படங்களைக் கெமராத் திரையில் பார்த்தாள்.

“இத மாட்டி வச்சா, சாவுக்கு வர்றவன் வரியக் கட்டிட்டுத்தான் போவான்.”

சுதேஷ் எண்பத்தைந்தைக் கெமராவில் பூட்டினான். பின்னால் போனான். இன்னும் போனான். நடைபாதையில் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் ஏதோ கத்தினான், பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“இவன் பேராதெனிய வரைக்கும் போய்த்தான் எடுப்பான் போல,” என்றார் மயில்வாகனம்.

சீதா படத்துக்குள் விழாதபடி வாங்கின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, ஒன்னு கேக்கவா? பேனர் ஒரு மழைக்குக் கிழிஞ்சி போயிரும். அதுக்கப்புறம் இந்தப் படம் எங்க இருக்கும்? நம்ம ஊட்டுச் செவத்துல. விடிஞ்சா அடைஞ்சா அத நான்தான பாக்கணும்? ஊரு என்ன நெனக்கும்னு மொறச்சிக்கிட்டு இருக்கீங்களே, எனக்குன்னு ஒரு மொகம் இல்லியா ஒங்ககிட்ட?”

ஊரில் உள்ள அத்தனை பேர் கண்ணையும் மயில்வாகனம் யோசித்திருந்தார். இவள் கண்ணை யோசிக்கவில்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு இவள் தனியாக அந்த நோட்டீஸ் முகத்துக்கு முன்னால் நிற்பதை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கெமராவை மறந்து அவள் பக்கம் திரும்பினார்.

“சீதா, எனக்குப் பயமா இருக்கு.”

“தெரியும். ராவெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்குற ஆளு வீரனா?”

“ஒனக்கு?”

“எனக்கும்தான். நீங்க போயிட்டா ரிமோட்டுக்கு நான் யாருகூட சண்ட போடுறது?”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

சுதேஷ் மூச்சிரைக்க ஓடி வந்தான். “மாமா, இதுதான்! எம்பத்தஞ்சேதான்! அப்புடி என்ன பேசுனீங்க?”

“கடலை கேட்டேன்,” என்றார் மாமா.

கடையில் ஃபாஸில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வாவி முழுவதும் பச்சையாகக் கரைந்து கிடந்தது. நடுவில் மயில்வாகனம், பக்கவாட்டில் யாரையோ பார்த்து, ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அல்லாஹ், என்னா மொகம்! எம்பத்தஞ்சயே எடுங்க தம்பி. ஆனா சேர், பேனருக்குண்டா இது சரிவராது. நேர பாக்கல்லயே.”

“வெளிச்சம் இருக்கு மாமா,” என்றான் சுதேஷ். “வாங்க, நேரா பாத்து ஒன்னு எடுத்துருவோம்.”

மயில்வாகனம் திரையைப் பார்த்தார். பிறகு சீதாவைப் பார்த்தார்.

“இது ஊட்டுக்கு. இப்பவே மாட்டணும்,” என்றார். “பேனருக்கு எடுக்குறத புதன்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

புதன்கிழமைக்கு அப்புறம் என்று ஒரு நாள் இருப்பதாக அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சீதா அங்கேயே, ஃபாஸில் பார்க்கப் பார்க்க, கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.