கடலைத் தள்ளி வைத்தவர்

அவள் கணவர் துறைமுகத்தில் மண் அள்ளும் கப்பலை ஓட்டுகிறவர். பெரிய கப்பல்கள் தரைதட்டாமல் வருவதற்காகக் கடலடியில் தோண்டிய மண்ணைக் கரையோரம் கொட்டிக் கொட்டித்தான் ஊரில் பாதி எழும்பியது. அந்தப் பக்கம் போனாலே மனிதர் ஆரம்பித்துவிடுவார்.

"இந்த பேங்க் நிக்கிற இடம் கடலா இருந்துச்சு. எல்லாம் நான் கொட்டின மண்ணு."

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"ஊருக்கே கொட்டினீங்க. நம்ம வீட்டுல ஒரு பூச்செடி வைக்க இடம் உண்டா?" என்று வாயை அடைப்பாள்.

அன்று மகளைப் பெண் கேட்டு வந்த பையனின் அப்பா, அவர்களுடைய வாடகை வீட்டை ஒரு நோட்டம் விட்டார்.

"இத்தனை வருஷம் சம்பாதிச்சும் சொந்தமா கையகல நிலங்கூட வாங்கலையா?"

வாய் ஓயாத கணவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க குடியிருக்கீங்களே புது ரோடு, அங்க முன்னாடி அலைதாங்க அடிச்சுது. இவருதான் கடலைத் தள்ளி வச்சு நிலமாக்கினாரு. நிலத்தை வாங்குறவங்க ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க. உண்டாக்கினவரு என் வீட்டுக்காரரு!"



கணவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேங்கை விட்டுட்டியே," என்றார் அவளிடம்.