உட்கார ஒரு ஸ்டூல்

திரைத்துணிக் கடையில் அவளுக்குச் 'சிரிச்சமுகம்' என்றுதான் பெயர். வாடிக்கையாளர் வாசலில் கால் வைத்ததும் பல் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். வருஷக்கணக்காகச் சிரித்துச் சிரித்து, இப்போது யாரைப் பார்த்தாலும் அவளைக் கேட்காமலே வாய் விரிந்துவிடுகிறது. பாழாய்ப்போன வாய்!

இடுப்பில் ஆரம்பித்து வலது குதிகால் வரை சுண்டி இழுக்கும் வலி. அந்த வலியோடு நாள் முழுக்க நிற்க முடியாமல், உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள்.

"டாக்டர் எழுதிக் கொடுத்தா ஸ்டூல் போடறேன். நானா போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க," என்றார் முதலாளி.

டாக்டர் கெட்டிக்காரர், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. அவரும் பார்த்த மாத்திரத்தில்தான் கண்டுபிடித்தார்.

"சிரிச்சுக்கிட்டே வலிக்குதுங்கறீங்களேம்மா. நிஜமா வலிக்கிறவங்க இப்படியா உட்காந்திருப்பாங்க? மாத்திரை தரேன். அடுத்த வாரம் வாங்க, தேவைப்பட்டா எழுதித் தரேன்."

வீட்டில் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "அங்க போயுமா பல்லைக் காட்டினே?"

"வந்துடுச்சுங்க. அவர் பெரிய டாக்டர். அடுத்த தடவை காலை அமுக்கிப் பாத்தா தெரிஞ்சுடும்."

மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினாள். வலி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும், நம் உடம்புதான் கேடுகெட்ட உடம்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

அந்த வாரம் முடிவதற்குள் டாக்டரே மனைவியோடு கடைக்கு வந்து நின்றார். புது வீட்டு ஜன்னல்களுக்குத் துணி வேண்டுமாம். ஏணியில் நின்று துணி உருளையை இழுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வாய் விரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தாள், அதுவும் சிரிப்பாகத்தான் தெரிந்தது.

"அட, நீங்களா," என்றார் டாக்டர். மனைவியிடம், "நம்ம பேஷண்ட். நிக்கவே முடியலைன்னு வந்தாங்க. இப்ப ஏணி ஏறி இறங்கறாங்க பாரு."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அப்ப ஸ்டூல் வேண்டாங்களா சார்?"

"எதுக்கு? நடமாடறதுதான் நல்லது. இப்ப குறைஞ்சிருக்கு, இல்லையாம்மா?"

அன்பாகத்தான் கேட்டார். வலிக்குது சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கால் விண்விண்ணென்று தெறித்தது. முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே கிடையாது.

"ஆமாங்க சார்."

டாக்டரின் மனைவி மேல்தட்டைக் காட்டினாள். "அந்த நீலத்தையும் எடுங்களேன்."

அவள் ஏணியைப் பிடித்தாள். வலது கால் எழும்பவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். டாக்டர் அப்போது விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.