ஞாயிறு ஆறரை மணிக் கமெரா

"கறுப்பாக் கிடக்கு. ஒண்டும் தெரியேல்லை, சுபோ."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக அண்ணா இதையே சொன்னார். அவர் டொரொன்டோவில், காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய தாடியில் எத்தனை நரை என்று எங்களால் எண்ணிச் சொல்ல முடியும். நாங்கள் வெள்ளவத்தையில், நான்காம் மாடியில், அம்மாவின் அறையில், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே இருந்தோம். ஆனால் அவருக்கு நாங்கள் ஒரு கறுப்புச் சதுரம்.

"செற்றிங்சுக்குப் போ. அதில கமெரா ஓனில இருக்கோ பார்."

"ஓனிலதான் இருக்கு."

"அப்ப டிரைவரை எடுத்துப்போட்டுத் திரும்பப் போடு. பிறகு றீஸ்டார்ட் பண்ணு."

"போன கிழமையும் அதுதானே செய்தனான்."

"வடிவாச் செய்திருக்க மாட்டாய். லென்சைத் துடைச்சியா?"

"துடைச்சனான்!"

துடைத்திருந்தேன். பின்னேரம் ஆறு மணிக்கே மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, கமெராவைத் திறந்து, வியர்த்து வழிந்த என் முகம் திரையில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி போடப் போனேன். என்னை விசராக்கியது அதுதான். ஆறு மணிக்கு வேலை செய்கிற கமெரா, ஆறரைக்கு அண்ணாவின் கோல் வந்ததும் செத்துப்போகும். அவர் வைத்துவிட்டுப் போனபிறகு, நான் குசினியில் நாலு பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி வேலை செய்யும். திங்கள் முதல் வெள்ளி வரை இன்சூரன்ஸ் கந்தோரில் ஊராரின் கோபத்துக்குப் பதில் சொல்கிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணா இருந்தார்.

லெப்டொப் முன்பு ஹோலில், சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. அங்கே ஒரு குறையும் இல்லை. "ஹோலில வெளிச்சம் காணாது, அம்மான்ர அறையில யன்னலடியில வை" என்று சொன்னது யார்? அண்ணாதான். யன்னலடியில் இருந்தது அம்மாவின் கண்ணாடி மேசை. பவுடர் டின்னையும் சீப்பையும் ஒதுக்கி, கண்ணாடிக்கு முன்னால் லெப்டொப்பை வைத்தேன். அந்த வாரமே தொடங்கியது இந்தச் சனியன்.

"அம்மா, நீங்கள் சுகமோ?" அண்ணா கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சுகம் தம்பி. பிள்ளை நல்லாப் பாக்கிறாள்."

"குரல் வருது. முகம் மட்டும் வரமாட்டனெண்டுது. என்ன சுபோ இது? நீ என்னத்தையோ மறைக்கிறாய்."

ஜனவரியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது, களுபோவில ஆஸ்பத்திரியில் நெற்றியோரம் மூன்று தையல் போட்டார்கள். தையல் வெட்டிய பிறகுதான் அண்ணாவுக்குச் சொன்னேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"அடுத்த ஞாயிறு அம்மான்ர முகத்தை நான் பாக்கவேணும். இல்லையெண்டால் பொன்னம்பலம் மாமாவை அனுப்பி அவவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவன். விளங்கிச்சோ?"

அம்மா தேத்தண்ணியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

பொன்னம்பலம் மாமா அம்மாவின் மூத்த தமையன். அப்பா செத்து நான்கு மாதத்தில் மாமாவின் பேத்திக்குக் காது குத்தினார்கள். அம்மா ஆசையோடு போனார். குழந்தையை மடியில் வைக்கப்போன அம்மாவை, எல்லாரும் பார்க்க, "பத்மா, நீ குசினிப் பக்கம் போய் இரு" என்று மாமா எழுப்பி அனுப்பினார். அம்மா அன்றைக்கே பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். அதன்பிறகு யாழ்ப்பாணம் என்ற பேச்சே எடுத்ததில்லை. அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்தபின், கடைக்குப் போன ஒருநாள் சின்னக் கறுப்பு ஒட்டுப்பொட்டு ஒரு பெட்டி வாங்கிவந்து, மிளகளவு ஒன்றை நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கந்தோரில் லீவு போட்டுவிட்டு, லெப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ரெனால்ட் அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் கொம்பியூட்டர் திருத்துகிறவர். அவரிடம் வாங்கிய லெப்டொப்தான் அது. திறந்தார், பார்த்தார், தட்டினார். திரையில் அவருடைய முகமும், பின்னால் சுவரில் மாட்டியிருந்த அந்தோனியார் படமும் கண்ணாடிபோல் தெரிந்தன.

"கமெராவில பிழை ஒண்டுமில்ல மிஸ்."

"பிழை இல்லாமலோ நான் லீவு போட்டுட்டு வந்து நிக்கிறன்? ஆறரைக்கு வேலை செய்யாது!"

"ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு மட்டுமா?"

"ஓம்."

அவர் சிரித்திருந்தால் லெப்டொப்பை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். நல்லவேளை, சிரிக்கவில்லை. "மெஷினுக்கு நாள் கிழமை தெரியாது மிஸ். ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில வீட்டில என்ன மாறுது? அந்த அரை மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்து பாருங்க" என்று சொல்லி, திருகாணிகளைப் போட்டு மூடித் தந்தார். காசும் வாங்கவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நான்காவது ஞாயிறு வந்தது. அன்றைக்குத் தேத்தண்ணியும் இல்லை, குசினியும் இல்லை. ஆறு மணிக்கே கமெராவைத் திறந்துவைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். என்னுடைய உர்ரென்ற முகம், அம்மாவின் வெளிறிய முகம், நடுவே அந்த மிளகுப் பொட்டு. ஆறேகால். ஆறு இருபது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

ஆறு இருபத்தெட்டுக்கு அம்மாவின் கை நெற்றிக்குப் போனது. நகத்தால் பொட்டைக் கிள்ளி எடுத்தார். எத்தனையோ வருடமாக முகம் கழுவப் போகுமுன் செய்கிறமாதிரி, பாராமலே, கண்ணாடி இருக்கும் பக்கம் விரலை நீட்டினார். கண்ணாடிக்கு முன்னால் லெப்டொப்பின் மூடி நின்றது. மூடியின் மேல் சட்டத்தில், நட்டநடுவில், பொட்டை வைத்து அழுத்தினார். கறுப்புச் சட்டத்தில் கறுப்புப் பொட்டு. இருந்த இடம் தெரியவில்லை. திரையில் இரண்டு முகங்களும் ஒருசேர அணைந்துபோயின.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டுப்போனார்.

"மூண்டு கிழமை! மூண்டு கிழமையா நான் பேய் மாதிரி அலையிறன்! அண்ணா டிரைவர் எண்டார், றீஸ்டார்ட் எண்டார், கள்ளி எண்டு சொல்லாத குறை! லீவு போட்டுட்டுக் கொட்டாஞ்சேனை மட்டும் தூக்கிக்கொண்டு போனன்! நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொட்டைச் சுரண்டி எடுத்துக் காட்டினேன். திரையில் முகங்கள் திரும்பி வந்தன. அம்மா திரையையும் என் விரல் நுனியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அதுவோ கமெராக் கண்? பக்கத்தில லைற் பத்துறதுதான் கண்ணெண்டு நினைச்சன். படத்தை மறைக்கக் கூடாதெண்டு மேல ஒட்டினனான், பிள்ளை."

"சரி, ஏன் கழட்டுறியள்? அதைச் சொல்லுங்கோ முதல்!"

ஆறரை ஆயிற்று. கோல் அடிக்கத் தொடங்கியது. 'பிரியந்தன்' என்ற அண்ணாவின் பெயர் திரையில் துள்ளிக்கொண்டு நின்றது.

"திவசத்தண்டு தம்பி வீடியோவில பாத்துக்கொண்டிருந்தவன்" என்றார் அம்மா மெதுவாக. "ஐயர் தந்த சந்தனத்தைத் தொட்டு வைச்சனான். 'அம்மா, அதை அழியுங்கோ, மாமாவும் பாத்துக்கொண்டிருக்கிறார்' எண்டு சொன்னவன். நீ அப்ப ஐயருக்குப் பால் எடுக்கப் போயிட்டாய். இப்ப தம்பி கண்டால் மாமாட்டச் சொல்லுவான். மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமா வரக்கூடாது என்று பொட்டைக் கழற்றியிருக்கிறார். கழற்றிய பொட்டே மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. இந்த மனுசி ஒவ்வொரு ஞாயிறும், நான் தேத்தண்ணி போடப் போன நேரத்தில் அதைக் கழற்றி ஒட்டி, பாத்திரம் கழுவப் போன நேரத்தில் எடுத்துத் திரும்ப நெற்றியில் வைத்திருக்கிறார். நான் றவுட்டரைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், செற்றிங்சைப் பார்த்தேன். அம்மாவின் நெற்றியைப் பார்க்கவில்லை. அம்மாமீது இருந்த கோபம் முழுவதும் என்மீது திரும்பி, என்னைத் தாண்டி, நேரே டொரொன்டோவுக்குப் போனது.

கோல் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"இண்டைக்கு நான் கதைக்கிறன் அவரோட" என்றேன். "நீங்கள் பேசாமல் இருங்கோ. இந்தப் பொட்டை வைச்சுக்கொண்டு இருங்கோ, காணும்."

அம்மா என் விரலிலிருந்த பொட்டை வாங்கிப் பார்த்தார். "பசை போயிட்டுது" என்று அதைக் குப்பைக்குள் போட்டார். பிறகு மேசை லாச்சியை இழுத்தார். கறுப்புப் பொட்டுப் பெட்டிக்குப் பின்னால், அடியில், ஒரு பழைய அட்டை கிடந்தது. அப்பா இருந்த காலத்தில் வைத்துக்கொண்டிருந்த சிவப்புப் பொட்டுகள். அதில் நாலைந்து மிச்சம் இருந்தன.

"அஞ்சு வயசில என்ர அம்மா வைச்சுவிட்டது" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "உன்ர அப்பா கொண்டுவந்ததில்லை. அவர் போனால் இது ஏன் போகவேணும்? ஆரிட்டக் கேட்டுக்கொண்டு அழிக்கச் சொன்னவங்கள்?"

கண்ணாடி மறைந்திருந்ததால் திரையைப் பார்த்தே வைத்தார். சற்று இடப்பக்கம் போயிற்று. திருத்தவில்லை. அவரே கையை நீட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"ஆ... அம்மா! இப்ப வடிவாத் தெரியுது!" அண்ணா கோப்பையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். "பாத்தியே சுபோ, நான் சொன்னமாதிரிச் செய்தால்..." அவருடைய கண் ஓரிடத்தில் நின்றது. "அம்மா, என்ன அது நெத்தியில?"

"பொட்டு."

"இல்லை, அது... மாமா கண்டால் என்ன சொல்லுவார்?"

"மாமாவுக்கும் கோல் எடு. நான் இங்கதான் இருக்கிறன். அவரும் வடிவாப் பாக்கட்டும்."

அண்ணா திரும்பித் தன் வீட்டுக்குள் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். நான் பேசவென்று சேர்த்துவைத்திருந்த எதையும் பேசத் தேவைப்படவில்லை. திடீரென்று அவருடைய படம் அணைந்து, கறுப்புச் சதுரம் ஒன்று வந்தது.

"இங்க கமெரா ஏதோ பிரச்சினை" என்றது அண்ணாவின் குரல்.

அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்து, ட்யூப் லைட் வெளிச்சம் நெற்றியில் நன்றாக விழும்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லென்சைத் துடைச்சுப் பார், தம்பி. சரிவராட்டி றீஸ்டார்ட் பண்ணு" என்றார். "உன்ர முகத்தை நான் பாக்கவேணும். எவ்வளவு நேரமெண்டாலும் இருக்கிறன்."