பதினொரு பெண்களின் ஒரு மூச்சு

மேற்கு மலையின் தோளிற் கிடந்த முகில்கள் இளவெயில் பட்டு மெல்லக் கலைய, நூற்பாலைகளின் சங்கொலியும் தேவாலய மணியொலியும் ஒன்றையொன்று தழுவி எழ, இராசபாளையம் கண்விழித்துச் சோம்பல் முறித்த திங்கட்கிழமைக் காலை அது. அன்புடையீர், அக்காலையில் பதினொரு ஆலைப் பெண்கள் விண்ணப்பமொன்றோடு திருவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார்கள். அவர்களுள் இசக்கியம்மாள் மட்டும் தயங்கித் தயங்கி வந்தாள்.

இப்பயணமே அவள் முழங்காலால் வந்த வினை. செட்டியார்பட்டிச் சாலையில் விரையும் பேருந்து ஆலை வாயிலில் நில்லாமையால், ஐம்பதைக் கடந்த அவள் நாள்தோறும் இரண்டு கல் தொலைவு நொண்டி நடந்தாள். இனியும் பேருந்து நில்லாவிடின் வேலையை விடுவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை. மும்முறை கொடுத்த விண்ணப்பத்திற்கும் "பார்க்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லே விடையாய் வந்திருந்தது.

ஆலையில் அவளருகே நின்று அறுந்த நூலை முடிபவள் வின்சி, வயது இருபத்தாறு, தேவாலயப் பாடற்குழுவின் தலைவி. உணவு வேளைகளில் இப்பெண்களைக் கூட்டிப் பாடக் கற்பித்தவளும் அவளே. "எல்லாரும் ஒண்ணுபோல மூச்சு வாங்காதிய. ஒருத்தி வாங்குறப்ப பக்கத்துல நிக்கவ பாட்டப் பிடிச்சிக்கிடணும்" என்பது அவளது ஓயாத பாடம். விண்ணப்பத்தையும் மெட்டமைத்துப் பாடியே எல்லாரும் மனத்தில் ஏற்றியிருந்தனர். இசக்கியம்மாளோ கூட்டத்துள் தன் குரலை ஒளித்துப் பாடுவதில் வல்லவள். தனித்துப் பேச அவளுக்கு நா எழாது.

திருவில்லிபுத்தூரில் பேருந்துக் குறைகளைக் கேட்கும் அலுவலர் முன் வின்சி விண்ணப்பத்தைப் படிக்கத் தொடங்கினாள். முழங்காலைப் பற்றிய வரி வந்ததும் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த ஒரு நொடிக்கே காத்திருந்தவர்போல் அலுவலர், "பார்க்க..." என்று வாயெடுத்தார். அப்பொழுதுதான் பழக்கம் அச்சத்தை முந்திக்கொண்டது! பக்கத்தில் நின்ற இசக்கியம்மாள் வரியைப் பிடித்துக்கொண்டாள், மெட்டோடு.

"ரெண்டு கல்லு நடக்கேன் ஐயா, இந்தக் காலோட! பஸ்சு எங்க முன்னாலதான் போவுது!"

அவள் மூச்சு வாங்குமுன் அடுத்து நின்ற பாண்டிசெல்வி தொடர்ந்தாள். பாண்டிசெல்வியிடமிருந்து இவாஞ்சலின் ஏற்றாள். அப்பாட்டில் ஊசி நுழையவும் இடமில்லை. "பார்க்கலாம்" என்னும் சொல் அலுவலரின் உதட்டில் நான்குமுறை ஏறி நான்குமுறை இறங்கிற்று. ஈற்றில் அவர் சிரித்தேவிட்டார்.

"செத்த நேரம் மூச்சு வாங்குங்கம்மா! டிப்போவுக்கு இப்பவே எழுதுதேன்."

"எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கனதான் நிப்போம்" என்றாள் இசக்கியம்மாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாயிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பேருந்து ஆலை வாயிலில் நின்றது. படியேறி அமர்ந்த இசக்கியம்மாள் முழங்காலைத் தடவியவாறே கேட்டாள்: "ஏட்டி வின்சி, ஆலையில குடிதண்ணிக்கு ஒரு கொழா இல்லையே, அதுக்கு எப்பம் பாடப் போறோம்?"

ஒருத்தியின் மூச்சு ஒரு வரிக்குள் முடிந்துவிடும். பதினொரு பெண்கள் மாற்றி மாற்றி விட்ட மூச்சோ, விரைந்தோடும் பேருந்தையே நிறுத்திற்று.