சடையப்பனைத் தேடி வந்த எறும்புகள்

1

இந்தக் கதை எறும்புகளிடமிருந்து வந்தது. ஓர் ஆள் சிறுநீர் கழித்துவிட்டுப் போன இடத்தை அவை மொய்த்துக் கிடந்தன. அதற்கு முன்பே ஒரு தொடக்கம் வைத்திருந்தேன்: ‘முதல் நிலக்கரி வெளிவந்த ஆண்டில், நெய்வேலியில்…’ வேண்டாம். எறும்பு போதும்.

2

அம்சவல்லிக்குப் புருஷனின் தொப்பையில் பெருமை. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் சுமந்தபோது சடையப்பன் எலும்பும் தோலுமாக இருந்தான். பர்மனெண்ட் ஆகி, பம்ப் ஆபரேட்டராக உட்கார்ந்த பிறகுதான் சதை போட்டது. எந்த வீட்டுக்காரர் பர்மனெண்ட் என்று குடியிருப்பு பிளாக்கில் பெண்கள் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இப்போது தொப்பை அப்படியே இருக்க, தோளும் தொடையும் வற்றுகின்றன. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறான். சைக்கிள் மிதித்தால் நெஞ்சைப் பிடிக்கிறான்.

“மறுபடி கான்ட்ராக்டுக்குப் போயிட்டாரா உன் வூட்டுக்காரரு?” என்றாள் பக்கத்து வீட்டு தனபாக்கியம். “நல்லா ஆக்கிப் போடுடி!”

ஆக்கிப் போட்டாள். நெய்ச் சோறு, வெல்லப் பாயசம்.

3

டாக்டர் சிறுநீரில் நீல மருந்து கலந்து காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமானது.

“சர்க்கரை. ரத்தக் கொதிப்பும் இருக்கு. தொப்பை போட்ட உடம்பு, ரத்தக் குழாய்ல கொழுப்பு படியுது. சோத்தைக் குறைக்கணும். இல்லேன்னா இதயம் தாங்காது.”

“இளைச்சிக்கினே போறாருங்க. இன்னும் குறைக்கிறதா?”

“தின்னது உடம்புல ஒட்டலம்மா. சர்க்கரையா வெளிய போவுது.”

வெளியே வந்ததும் சடையப்பன் சொன்னான்: “இன்னும் இளைச்சா அன்ஃபிட்டுனு எழுதிடுவானுங்க. வேல போனா கம்பெனி குடுத்த வூடும் போயிடும். நீ சோத்தப் போடு.”

[அடிக்குறிப்பு: கீழிருந்து முட்டும் நிலத்தடி நீரைப் பம்புகள் ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அதை இதயத்துக்கு உவமையாக எழுதி, அடித்துவிட்டேன். உவமையால் யாரும் பிழைத்ததில்லை.]

4

இந்த இடத்தில் அம்சவல்லியை நான் நம்பவில்லை. தெரிந்த பிறகும் போடுவாளா? ‘அவள் பானையைக் கவிழ்த்து…’ பொய். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

நடந்தது இது. மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். வாசலிலிருந்து ஒரு கறுப்புக் கோடு அவன் கால்வரை வந்து, குதிகால் வெடிப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே போனவை திரும்பவில்லை.

“என்னாங்க, கடிக்கலியா?”

“எதுடி?”

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தட்டை நீட்டினான்.

5

அரைக் கரண்டி போட்டால் ஆள் பிழைக்கலாம், வீடு போகலாம். முழுக் கரண்டி போட்டால் வீடு இருக்கும், ஆள் இருக்கும்வரை. இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன்.

தட்டு நீட்டியபடி இருக்கிறது. கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கை வலிக்கிறது.