நீ யாருக்கு அப்பன்?

இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் முட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், கென்ட் பக்கத்து நிலக்கிழார் ஆம்ப்ரோஸ் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆதாம்தான் முதல் தகப்பன், முதல் ராஜா. அந்த அதிகாரம் மூத்த மகன் வழியாகவே இறங்கி வந்தது. ஆகவே மன்னர் நாட்டுக்கே தகப்பன் என்பது அவர் வாதம். ஆம்ப்ரோஸும் மூத்த மகன்தான். ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை.

அந்த வீட்டுப் பரணில்தான் தம்பி கைல்ஸ் ஒளிந்திருந்தான். கடல் தாண்டிப் போய்க் கத்தோலிக்கப் பாதிரியாராகித் திரும்பியவன். கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு அந்த நாட்டில் தடை; பிடிபட்டால் தூக்கு. சமையல்காரியிலிருந்து குதிரைக்காரன் வரை பரணேறிப் போய், "ஃபாதர், ஃபாதர்" என்று அவன் முன் மண்டியிட்டார்கள். ஒருநாள் மனைவி லெட்டிஸின் குரலும் அப்படிக் குழைவது ஆம்ப்ரோஸின் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது.

சாப்பாட்டு மேசையில் வெடித்தார். "என்னைவிட நாலு வயசு சின்னவன்டா நீ! பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. நீ யாருக்குடா அப்பன்?"

கைல்ஸ் ஆட்டிறைச்சியை மென்றபடி சிரித்தான். "ஏண்ணே, மன்னர் மட்டும் நம்மளையெல்லாம் பெத்தாரா?"

லெட்டிஸும் சிரித்துவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே நீதிபதிக்குக் கடிதம் போயிற்று.

மூன்றாம் நாள் காலை காவலர்கள் வந்தார்கள். பரணை உடைக்கும் முன்னே கைல்ஸ் தானாக இறங்கி வந்தான்.

"நானாத்தான் திருட்டுத்தனமா நுழைஞ்சேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாது."

காவல் தலைவன் ஆம்ப்ரோஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். "உங்க கடுதாசி வந்து சேர்ந்துச்சுங்க ஐயா."

கைல்ஸ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவர் காலடியில் மண்டியிட்டான்.

"ஆசீர்வாதம் பண்ணுண்ணே. அப்பாவுக்கு அப்புறம் நீதானே."

ஆம்ப்ரோஸ் தம்பியின் தலைமேல் கை வைத்தார். சுற்றிலும் வேலைக்காரர்கள் அழுதார்கள். அதில் ஒரு சொட்டுகூடத் தனக்கில்லையே என்று அப்போதும் அவர் மனசு புழுங்கியது.

கைல்ஸை ஏற்றிய வண்டி நகர்ந்ததும் லெட்டிஸ் மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற? நான் சொல்றேன், நில்லு!"

"ஜெயிலுக்கு. அவருக்கு ரொட்டி கொடுக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

அந்தக் கோடையிலேயே கைல்ஸைத் தூக்கிலிட்டார்கள். லெட்டிஸ் வீடு திரும்பவேயில்லை.